கையில் என்ன மிஞ்சும்? – டாக்காவில் பாடம் நடத்திய மைக்கேல் வெஸ்ட்

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. கல்லூரி நினைவுகளைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றார்கள். விடுதி சாம்பாரைப் பற்றியும், ஸ்டடி லீவில் பார்த்த இரண்டாம் ஆட்டம் சினிமாவைப் பற்றியும் நம் செட்டு ஆட்கள் போன மலரிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கென்று மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். நான் முப்பத்திரண்டு வருஷம் உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவரை நான் பார்த்ததே கிடையாது. நான் பி.ஏ. சேர்ந்த 1975-க்கு இரண்டு வருஷம் முன்பே அவர் காலமாகிவிட்டார். அவருடைய கதையைத்தான் எழுதப்போகிறேன். பெயர் மைக்கேல் வெஸ்ட்.

ஆங்கிலம் கற்பிக்கும் துறையில் இருப்பவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். மற்றவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத் துணைப்பாடம், அதாவது நம் பாஷையில் நான்-டீடெய்ல், படித்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அட்டை கிழிந்த அகராதி

நான் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவன். முதல் வருஷம் வகுப்பில் பாதி புரியாது. நம் கல்லூரி நூலகத்தில் மர பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பழைய ஆங்கில அகராதி கிடந்தது. அட்டை கிழிந்து, முதுகில் பசை ஒட்டியிருந்தது. பெரிய அகராதிகளில் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்த்தால் அந்தப் பொருளில் இருக்கும் சொல்லுக்கு இன்னொரு பக்கம் புரட்டவேண்டும். அங்கே போனால் மூன்றாவது பக்கம். இந்தச் சின்ன அகராதியில் மட்டும் அந்த அலைச்சல் இல்லை. எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் தெரிந்தவனுக்குக்கூட விளக்கம் புரிந்தது. அந்த அகராதியைத் தயாரித்தவர்களில் முதல் பெயர் வெஸ்ட். பெயரைப் பார்த்தேனே தவிர யாரென்று யோசிக்கவில்லை.

பி.எட். படிக்கும்போது அதே பெயர் மறுபடி வந்தது. பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. மனப்பாடம் பண்ணி எழுதினேன், மறந்தும் போனேன். அவர் யாரென்று எனக்கு உறைத்தது வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்து, ஒரு மருந்து பாட்டிலால்.

ஒன்பதாம் வகுப்போடு நின்ற பையன்

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நல்ல ஞாபக சக்தி. எங்கள் ஊரில் யாரும் பார்த்திராத ஏதோ ஒரு பூவைப் பற்றிய ஆங்கிலப் பாட்டை ஒரு இடத்தில்கூடத் திக்காமல் ஒப்பிப்பான். இன்ஸ்பெக்ஷன் வந்த அன்று அவனைத்தான் எழுப்பிவிட்டேன். அதிகாரி தட்டிக்கொடுத்தார். எனக்கும் பெருமை.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஒன்பதாம் வகுப்பு பாதியிலேயே படிப்பை நிறுத்திவிட்டு லாரி ஷெட் வேலைக்குப் போனான். அடுத்த வருஷம் ஒருநாள் ராத்திரி என் வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் ஒரு மருந்து பாட்டில். அவன் அம்மாவுக்கு முழங்கால் வலிக்குக் கொடுத்தது. ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். லேபிளைப் பார்த்தேன். மேலே தடவ மட்டும், குடிக்கக்கூடாது என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. நல்லவேளையாக அம்மா பிழைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் விடியும்வரை அவனோடு உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷம் இங்கிலீஷ் படித்த பையன். அவனால் அந்த லேபிளில் இருந்த நாலு வார்த்தையை எழுத்துக்கூட்ட முடிந்தது, பொருள் சொல்லத் தெரியவில்லை. பாட்டை மட்டும் அப்போதும் கேட்டிருந்தால் ஒப்பித்திருப்பான்.

அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அந்த வாரம் பி.எட். நோட்டுகளைத் தேடி எடுத்துப் புரட்டினேன். ஐந்து மதிப்பெண்ணுக்காக நான் மனப்பாடம் செய்திருந்த பத்தியில் இந்தப் பையனைப் பற்றித்தான் எழுதியிருந்தது. அதற்கப்புறம்தான் வெஸ்ட்டைத் தேடித்தேடிப் படித்தேன்.

வங்காளத்துக்கு வந்தவர்

மைக்கேல் பிலிப் வெஸ்ட் 1888-இல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு, முதல் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னால் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தார். அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அது நல்ல சம்பளமும் மரியாதையும் உள்ள உத்தியோகம். ஃபைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். வெஸ்ட் ஆசிரியர் பயிற்சியிலும் பள்ளி ஆய்விலும் இருந்தார். பிறகு டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வர் ஆனார். இன்றைக்கு வங்கதேசத்தின் தலைநகரமாக இருக்கும் அதே டாக்காதான். அங்கே 1921-இல் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு அதிலும் கல்வித் துறையில் கௌரவப் பொறுப்பு வகித்தார்.

ஆய்வாளராகப் போகிறவர் ஒரு பள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. டவுன் பள்ளி, கிராமத்துப் பள்ளி, பணக்காரப் பிள்ளை, விவசாயி பிள்ளை எல்லாம் பார்க்கிறார். வெஸ்ட் பார்த்த காட்சி நமக்கும் பழகியதுதான். மேல் வகுப்புகளில் சரித்திரம், கணக்கு எல்லாம் ஆங்கிலத்தில். ஆசிரியர் வாக்கியம் வாக்கியமாக வாசித்து வங்காளியில் பொருள் சொல்வார். பிள்ளைகள் அதை அப்படியே உருப்போடுவார்கள். பாடப்புத்தகத்தில் இருந்த ஆங்கிலமோ இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கே கொஞ்சம் பழசாகிப்போன இலக்கிய ஆங்கிலம். கவிதையில் மட்டும் வரும் சொற்கள் முதல் வாசகங்களிலேயே வந்து உட்கார்ந்திருந்தன. சந்தையிலும், தபாலிலும், செய்தித்தாளிலும் வரும் சாதாரணச் சொற்கள் கடைசி வரைக்கும் வராமலே போயின.

இதைவிட அவரை உலுக்கியது வேறொன்று. முதல் வகுப்பில் நிறைய பிள்ளைகள் இருந்தார்கள். மேலே போகப்போக பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. மெட்ரிகுலேஷன் வரை வந்து சேர்ந்தவர்கள் சொற்பம். ஆனால் பாடத்திட்டம் முழுவதும் அந்தச் சொற்பப் பேரை மனதில் வைத்துத்தான் போடப்பட்டிருந்தது. வழியில் இறங்கிப்போன மற்ற எல்லோரும் என்ன ஆனார்கள்? அவர்கள் கையில் என்ன இருந்தது? இந்தக் கேள்வியை அன்றைய அதிகாரிகள் யாரும் அவர் அளவுக்கு விடாப்பிடியாகக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

சரண்டர் வேல்யூ

இந்த இடத்தில்தான் வெஸ்ட் இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கினார். சரண்டர் வேல்யூ. நம்மில் எல்.ஐ.சி. பாலிசி எடுக்காதவர்கள் யார்? ஆரம்பத்திலேயே பிரீமியம் கட்டுவதை நிறுத்தினால் கைக்கு ஒன்றும் வராது. சில வருஷம் கட்டிவிட்டு நிறுத்தினால் கட்டியதில் ஒரு பங்காவது திரும்பக் கிடைக்கும். அந்தப் பங்குதான் சரண்டர் வேல்யூ.

பள்ளிப் படிப்புக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார் வெஸ்ட். பத்து வருஷப் படிப்பை முழுசாக முடித்தால்தான் பலன், இரண்டாம் வருஷமோ நாலாம் வருஷமோ நின்றால் பூஜ்யம் என்றால் அந்தப் பாடத்திட்டம் ஏழைப் பிள்ளையை ஏமாற்றுகிறது. எந்த வருஷம் நின்றாலும், அதுவரை படித்ததில் ஒரு பகுதி வாழ்க்கைக்கு உதவும்படி பாடம் அமையவேண்டும் என்று அவர் வாதாடினார். இதையெல்லாம் விரிவாக எழுதிய அறிக்கை 1926-இல் கல்கத்தாவில் அரசாங்க வெளியீடாக வந்தது. வங்காளத்தை முன்வைத்து இருமொழிப் பிரச்சினையை ஆராயும் புத்தகம் அது.

அடுத்த கேள்வி, மொழியில் எந்தத் திறமைக்கு சரண்டர் வேல்யூ அதிகம்? அந்த நாளில் ஐரோப்பாவில் நேர்முறை என்று சொல்லப்பட்ட டைரக்ட் மெத்தட் ஓஹோ என்று இருந்தது. முதலில் பேச்சு, தாய்மொழி வகுப்பறைக்குள் வரக்கூடாது. வெஸ்ட் இதற்கு எதிராகப் போனார். டாக்கா ஜில்லாவில் ஒரு கிராமத்துப் பையனுக்குப் பேச வெள்ளைக்காரன் எங்கே கிடைப்பான்? அரைகுறையாகப் பேசக் கற்றுக்கொண்டு பள்ளியை விட்டு நின்றால் ஆறு மாசத்தில் அது கரைந்துபோகும். படிக்கத் தெரிந்தவன் கதை அப்படியில்லை. புத்தகம் கிடைத்தால் அவன் வாத்தியார் இல்லாமலே மேலே போகலாம். விவசாயம், சுகாதாரம், தொழில் என்று அன்றைக்கு அவன் மொழியில் அதிகம் கிடைக்காத விஷயங்களையும் தானே படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆகவே முதலில் வாசிப்பு, பேச்சு பின்னால் என்றார். தாய்மொழியை விரட்டவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்கும் மனசுக்கும் உரிய மொழி வங்காளிதான், அதனிடத்தை ஆங்கிலம் பிடிக்கவேண்டியதில்லை என்பது அவருடைய எண்ணம்.

சொல்லை எண்ணியவர்

குறை சொல்வது சுலபம், புத்தகம் எழுதிக் காட்டுவதுதான் கஷ்டம். வெஸ்ட் எழுதிக் காட்டினார். அமெரிக்காவில் தார்ன்டைக் என்ற மனவியல் அறிஞர் 1921-இல், ஆங்கிலத்தில் எந்தச் சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று எண்ணி 10,000 சொற்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தார். அதை வைத்துக்கொண்டு வெஸ்ட் தன் வாசகங்களைக் கட்டினார்.

அவர் வழி இரண்டு விதிகளில் அடங்கும். ஒன்று, அரிதான இலக்கியச் சொல்லை எடுத்துவிட்டு அன்றாடச் சொல்லைப் போடுவது. இரண்டு, புதுச் சொற்களை ஒரே பக்கத்தில் கொட்டாமல் தூரம் விட்டுத் தூவுவது. ஒரு புதுச் சொல் வந்தால் அது அடுத்தடுத்த பக்கங்களில் பலமுறை திரும்பி வந்து பழகியபிறகுதான் அடுத்த புதுச் சொல் வரும். நாற்று நடுகிறவர்கள் இடைவெளி விடுவதுபோல என்று நான் என் வகுப்பில் சொல்வேன். நெருக்கி நட்டால் ஒன்றும் தேறாது.

டாக்காவில் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்துத் திருத்திய அந்தப் பாடங்கள் 1920-களின் பிற்பகுதியில் லாங்மன்ஸ் வெளியீடாக, நியூ மெத்தட் ரீடர்ஸ் என்ற பெயரில் வரத் தொடங்கின. பல நாடுகளுக்கும் போயின. கூடவே பெரிய ஆங்கில நாவல்களைக் குறைந்த சொற்களில் சுருக்கி எழுதிய துணைவாசகங்களும் வந்தன. ராபின்சன் குரூசோவை ஏழாவது எட்டாவது படிக்கும் பையன் தானாக உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை படிக்கலாம் என்பது அன்றைக்குப் புது விஷயம். நம் நான்-டீடெய்ல் புத்தகங்களுக்குப் பாதை போட்டவர்களில் அவர் முக்கியமானவர் என்று ஆரம்பத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நியூயார்க் கூட்டமும் அகராதியும்

1930-களின் தொடக்கத்தில் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். கொஞ்ச காலம் கனடாவில் டொராண்டோவில் இருந்தார். அங்கேதான் சீனாவில் மிஷனரியாக இருந்த ஜேம்ஸ் எண்டிகாட்டோடு சேர்ந்து, 1935-இல் வெளிவந்த நியூ மெத்தட் ஆங்கில அகராதியை உருவாக்கினார். நான் நம் நூலகத்தில் புரட்டியது அதைத்தான். சுமார் 24,000 சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் வெறும் 1,490 சொற்களை மட்டும் வைத்து விளக்கம் எழுதியிருந்தார்கள். ஆங்கிலம் கற்கும் அயல்நாட்டாருக்காகவே ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட முதல் அகராதி என்று அதைச் சொல்வார்கள். இன்று எல்லோரும் வைத்திருக்கும் ஹார்ன்பியின் ஆக்ஸ்போர்டு அகராதி 1948-இல்தான் வந்தது.

அதற்கு முந்தின வருஷம், 1934-இல், கார்னகி நிறுவன உதவியோடு நியூயார்க்கில் ஒரு கூட்டம் நடந்தது. எந்தெந்தச் சொற்களை முதலில் கற்பிப்பது என்று முடிவு செய்யத்தான் கூடினார்கள். வெஸ்ட், தார்ன்டைக், சீனாவில் பணிபுரிந்த ஃபாசெட், ஜப்பானில் இருந்த ஹெரால்ட் பால்மர் ஆகியோர் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். பால்மர் காதும் வாயும் முதலில் என்பவர், வெஸ்ட் கண் முதலில் என்பவர். எதிரும் புதிருமாக இருந்த இருவரும் சொற்பட்டியல் வேலையில் ஒன்றாக உழைத்தார்கள். கொள்கையில் சண்டை போடுகிறவர்கள் வேலையில் சேர்ந்துகொள்ள முடியும் என்பதற்கு நம் ஆசிரியர் சங்கங்களுக்கும் இது ஒரு பாடம்! அதே சமயத்தில் ஆக்டன் என்பவர் 850 சொற்களே போதும் என்று பேசிக் ஆங்கிலம் என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அது பிள்ளைகளுக்குச் செயற்கையான மொழியைக் கொடுத்துவிடும் என்று வெஸ்ட் கடுமையாக எதிர்த்தார்.

நியூயார்க்கில் தொடங்கிய வேலையின் அறிக்கை 1936-இல் வந்தது. வெஸ்ட் அதை விடவில்லை. திருத்தித் திருத்தி 1953-இல், ஆங்கிலப் பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலாக வெளியிட்டார். சுமார் 2,000 தலைச்சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை பொருள், அதில் எந்தப் பொருள் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்றுகூடப் போட்டிருந்தார். இந்த 2,000-ஐத் தெரிந்துகொண்டால் ஒரு சாதாரண ஆங்கிலப் பக்கத்தில் பத்துக்கு எட்டுச் சொல் தெரிந்ததாகிவிடும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஐம்பது லட்சம் சொற்களை மனிதர்கள் உட்கார்ந்து எண்ணிய கணக்கு அது.

பெஞ்சுகள் நெருக்கிப்போட்ட வகுப்பு

எனக்கு அவருடைய புத்தகங்களிலேயே பிடித்தது 1960-இல் வந்தது. இடைஞ்சலான சூழ்நிலையில் ஆங்கிலம் கற்பிப்பது எப்படி என்பதுதான் அதன் விஷயம். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. இடைஞ்சல் என்றால் என்ன என்று விவரித்திருக்கிறார். நாற்பது ஐம்பது பேர் இருக்கும் வகுப்பு, நகர இடமில்லாத பெஞ்சுகள், ஒரே வகுப்பில் பல தரத்துப் பிள்ளைகள், தானே தயங்கித் தயங்கி ஆங்கிலம் பேசும் ஆசிரியர், மேலே கொளுத்தும் வெயில். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வகுப்பை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே எழுதியதுபோல இருந்தது.

அதில் அவர் சொன்ன ஒரு உத்தியை இன்றைய மாணவர்களும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். படித்து நிமிர்தல். புத்தகத்தில் ஒரு வாக்கியத்தைக் கண்ணால் படிக்கவேண்டும். பிறகு தலையை நிமிர்த்தி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவேண்டும். சொல்லும்போது கண் புத்தகத்துக்குப் போகக்கூடாது. அவ்வளவுதான். முதலில் மூன்று வார்த்தை, பிறகு ஐந்து, பிறகு முழு வாக்கியம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஆனால் வெறும் உதட்டசைவாக இருந்த வாசிப்பு அப்போது ஒருவரிடம் பேசுவதாக மாறிவிடுகிறது. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஜோடி ஜோடியாக முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசலாம். சத்தம் வரும். பக்கத்து வகுப்பு சார் கோபித்துக்கொள்வார். என்னிடமும் கோபித்துக்கொண்டார்.

நான் செய்து பார்த்தது

அந்த மருந்து பாட்டிலுக்குப் பிறகு வாரத்தில் ஒரு பீரியடை எடுத்து வைத்தேன். பாடப்புத்தகத்தை மூடச்சொல்லிவிடுவேன். முதல் வாரம், பிள்ளைகள் வீட்டிலிருந்து காலி மருந்து அட்டை, பாட்டில் லேபிள், பூச்சிமருந்து டப்பாவில் ஒட்டிய காகிதம் எல்லாம் எழுதி எடுத்துவரவேண்டும். பூச்சிமருந்து டப்பாவை மட்டும் கையால் தொடாமல் பெரியவர்களை வைத்து எழுதிவரச் சொன்னேன். சாப்பாட்டுக்கு முன், பின், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, கைக்குழந்தைக்கு எட்டாமல் வை, இந்தத் தேதிக்குப் பிறகு உபயோகிக்காதே. இருபது முப்பது சொற்கள்தான். ஆனால் அவை மறுபடி மறுபடி வந்தன. வெஸ்ட் சொன்ன இடைவெளியும் திரும்ப வருதலும் லேபிள்களிலேயே இருந்தன!

அடுத்து ரயில்வே ரிசர்வேஷன் படிவம். அடுத்து மணியார்டர் படிவம், பேங்க் செலான். பிறகு தந்தி. பரீட்சையிலும் தந்தி எழுதும் கேள்வி வரும் என்பதால் அதற்கு யாரும் ஆட்சேபிக்கவில்லை. காசு கொடுத்துப் போடும் சொல் என்பதால் எந்தச் சொல் தேவை, எது வெட்டி என்று பிள்ளைகளே சண்டை போட்டுத் தீர்மானிப்பார்கள். அந்தத் தந்தி சேவையே 2013 ஜூலையில் நின்றுபோய்விட்டது. ஆனால் அந்தச் சண்டையில் கற்றது நிற்கவில்லை.

படிவத்தைக் கொடுப்பதற்கு முன்பே கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். எத்தனை மணிக்கு வண்டி? யார் கையெழுத்துப் போடவேண்டும்? பதிலைத் தேடிக்கொண்டு படிக்கும் கண்ணும், சும்மா படிக்கும் கண்ணும் வேறுவேறு. ஹெட்மாஸ்டர் ஒருநாள் கூப்பிட்டு, சிலபஸ் முடிக்காமல் என்ன விளையாட்டு என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் வகுப்பின் தேர்ச்சி விகிதம் ஒன்றும் எகிறிவிடவில்லை, குறையவும் இல்லை என்பதுதான் உண்மை. அதைத்தான் அவரிடம் சொன்னேன். சரி, நடத்துங்க என்று விட்டுவிட்டார்.

அவர் கணக்கில் விட்டுப்போனது

வெஸ்ட்டைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. வங்காளத்துப் பையனுக்கு வாசிப்பு போதும், பேச்சு அப்புறம் என்று முடிவு செய்தது ஆளும் இனத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி. கோர்ட்டிலும் கவுன்சிலிலும் எதிர்த்து நின்று பேசவேண்டிய காலத்தில் பேச்சைத் தள்ளிவைக்கச் சொன்னது சரியா என்று கேட்கத்தான் வேண்டும். எனக்கே அதில் சூடு பட்டது. என் மாணவி ஒருத்தி. எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் படித்துப் புரிந்துகொள்வாள். நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போனவள் ஊர் என்ன, படிப்பு என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டதற்கு வாயடைத்து நின்று திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கு நான் கொடுத்த பாலிசியில் அந்த ரைடர் இல்லை. அதற்குப் பிறகு நோயாளியிடம் விசாரிப்பது, போனில் பதில் சொல்வது, வழி சொல்வது எல்லாவற்றையும் வகுப்பில் சேர்த்தேன்.

வெஸ்ட்டும் பிடிவாதக்காரர் இல்லை. 1960 புத்தகத்தில், பேச்சுக்குக் குறைந்தபட்சம் தேவையான சொற்கள் என்று தனிப்பட்டியலே கொடுத்திருக்கிறார். முதல் வாதத்தை எழுதி முப்பத்து நாலு வருஷம் கழித்து, எழுபது வயதுக்கு மேல், விட்டுப்போனதைச் சேர்த்தார். அவருடைய 2,000 சொல் பட்டியலும் பழசாகிவிட்டது. கம்ப்யூட்டர் என்ற சொல் அதில் கிடையாது. 2013-இல் வேறு அறிஞர்கள் கோடிக்கணக்கான சொற்களைக் கம்ப்யூட்டரில் எண்ணிப் புதுப்பட்டியல் போட்டார்கள். ஆனாலும் அவர் பட்டியலின் பெயரைத்தான், முன்னால் ‘நியூ’ சேர்த்து, அதற்கு வைத்தார்கள்.

வெஸ்ட் 1973-இல் காலமானார். ஐந்து வருஷம் கழித்து, 1978-இல் வெளிவந்த லாங்மன் அகராதி, அவர் பட்டியலை அடிப்படையாக வைத்து சுமார் 2,000 சொற்களில் எல்லா விளக்கங்களையும் எழுதியது. டாக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வேலை அப்படி உலகம் பூராவும் போய்ச் சேர்ந்தது.

நிறைவாக

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளில் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். உங்கள் கையில் ஸ்மார்ட் போர்டு இருக்கும், எங்கள் கையில் சாக்பீஸ் இருந்தது. ஆனால் பாதியில் நின்றுபோகும் பிள்ளை அன்றும் இருந்தான், இன்றும் இருக்கிறான். அட்டெண்டென்ஸ் எடுக்கும்போது வரிசையாகத் தலைகளைப் பாருங்கள். இவர்களில் ஒருவன் நாளையோடு வரமாட்டான், யாரென்று உங்களுக்குத் தெரியாது. இன்றைய பீரியடில் அவன் எடுத்துப்போக ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த லாரி ஷெட் பையன் இப்போது சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருக்கிறான். போன வருஷம் என் வீட்டுக்கு வந்தான். எனக்குப் பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று மேஜைமேல் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, சார், இது போன மாசத்தோட தேதி முடிஞ்சிருச்சு, புதுசு வாங்கிக்குங்க என்றான். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். என் வகுப்பில் அவனுக்குப் பிறகு படித்த அவன் தங்கை வீட்டில் சொல்லிக்கொடுத்தாளாம்.